இரண்டு நாற்பது

புகார் எண் பதினேழு.
ஹில்டூர் லிண்ட்மார்க், இரண்டாம் தளம்.
“தினமும் இரவு இரண்டு நாற்பதுக்கு ரயில் போகிறது.
அலமாரியில் கண்ணாடிக் குவளைகள்
ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.”

சுரங்கத்தில் இன்னும் தண்டவாளமே போடவில்லை.
அலுவலகம் சிரித்தது. நானும்தான்.
பிறகு கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக் கிளம்பினேன்,
சிரிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

கோத்தன்பர்க் பாதி பாறை, பாதி சேறு.
பனிப்பாளங்கள் உருகிய காலத்தில் கடல் விட்டுப்போன
சாம்பல் நிறக் களி, சில இடங்களில் நூறு மீட்டர் ஆழம்.
பாறைக்குள் ரயில் போனால் காதுக்குக் கேட்கும், ஒரு முனகல்.
களிக்குள் போனால் காதுக்கு ஒன்றும் தெரியாது,
முதுகெலும்புக்குத் தெரியும்.
இரண்டும் சந்திக்கும் விளிம்பில் என்ன ஆகும் என்று
சும்மா கேட்காதீர்கள்.
அதைக் கேட்பதற்குத்தான் நகராட்சி பணம் தருகிறது.

நாற்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டோம்.
துளைக்கும் துளைக்கும் நடுவில் இருப்பதைக்
கோடு போட்டு நிரப்பினோம்.
சக்கரத்தின் விசையை மண்ணால் பெருக்கு,
வந்ததை அடித்தளத்தால் பெருக்கு,
அதை மரத்தரையால் பெருக்கு.
கடைசி விடையை இரண்டால் பெருக்கினாலும் நியாயம்,
இரண்டால் வகுத்தாலும் நியாயம்.
மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள்.
எங்கள் பிழைப்போ,
குதிரை எத்தனை நொடியில் கரையும் என்று சொல்வது.

அந்த வீடு கீழே கல், மேலே இரண்டு தளமும் மரம்.
ஹில்டூர் காப்பி தந்தார், ஏலக்காய் ரொட்டியோடு.
நோட்டைக் காட்டினார். முப்பத்தொரு இரவுகள்.
“மெதுவாக.” “ரொம்ப மெதுவாக.”
ஓரிடத்தில், “இன்று வரவில்லை, ஏனோ.”

கருவியைத் தரையில் பதித்துவிட்டு
சோபாவில் கம்பளி போர்த்திக் காத்திருந்தேன்.
ட்ராம்கள் உறங்கிவிட்டன.
குளிர்பெட்டி ஒருமுறை செருமி அடங்கியது.
இரண்டு நாற்பத்திரண்டு.
திரையில் கோடு எழுந்தது.
நொடிக்கு ஒன்றரைத் துடிப்பு.
பதினொரு துடிப்பு, ஓர் இடைவெளி,
மறுபடி பதினொன்று.
குவளைகள் சிணுங்கின.

எந்த ரயிலும் பதினோராவது அடியில் திரும்பி நடக்காது.

மேல்வீட்டில் பொர்யே சான்டின்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ஜனவரியில் மனைவி போய்விட்டதாக
கதவைத் திறந்ததும் அவரே சொன்னார்.
உங்கள் எடை என்ன என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன்.
“எண்பத்தெட்டு,” என்றார்.
“கிறிஸ்துமஸுக்குத் தொண்ணூற்றாறு.”

அறிக்கையில் எழுதினேன்:
அதிர்வு கட்டடத்துக்குள்ளிருந்தே வருகிறது.
நடவடிக்கை தேவையில்லை.
இரண்டாவது வரியை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்,
அந்தப் படிவத்தில் வேறு எதற்கும் கட்டம் இல்லை.

ஹில்டூரிடம் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை.
எழுந்து போய், பழைய கம்பளித் தொப்பி ஒன்றை வெட்டி
குவளைக்கும் குவளைக்கும் நடுவே
ஒவ்வொரு துண்டாகச் செருகினார்.
நான் போட்டிருந்த எந்த ரப்பர்த் திண்டும்
அத்தனை கச்சிதமாக உட்கார்ந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பாதை திறந்தது.
நான் கணித்தது பூச்சியம் புள்ளி இரண்டு.
வந்தது பூச்சியம் புள்ளி மூன்று ஒன்று.
இருபத்துமூன்றாம் துளைக்கும் இருபத்துநான்காம் துளைக்கும் நடுவில்
ஒரு பாறைத்தோள், யாரும் பார்க்காதது,
என் நேர்கோட்டுக்கு அடியில் முழங்கையை மடக்கிப் படுத்திருந்தது.

புகார் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.
நானே தொலைபேசினேன்.

“தெரிகிறது, ஏன் தெரியாது?” என்றார் ஹில்டூர்.
“ஐந்து மணி ஏழுக்கு முதல் ரயில்.
அது போனதும் மேலே நடை நின்றுவிடும்.
கட்டில் ஒருதரம் முனகும்.
பிறகு நானும் தூங்கிவிடுவேன்.”

வரம்புக்குள், என்று குறித்துக்கொண்டேன்.